குவிமாடம்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை வட்டாரத்தில் பழைய வீட்டைப் பழுது பார்ப்பவர்கள், பூர்வீக வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுபவர்கள், புதிதாகப் பூஜை அறையோ தியான அறையோ கட்ட நினைப்பவர்கள் எனப் பலரும் குவிமாடத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்களும் கேட்கிறார்கள். ஏறக்குறைய எல்லோருடைய கவலையும் உச்சியைப் பற்றியதாகவே இருக்கிறது: மேலே இருப்பது தலையில் விழுந்துவிடாதா? குவிமாடத்தின் வாழ்வும் சாவும் அதன் அடி வட்டத்தில் இருக்கிறது என்பதே கீழே உள்ள பெரும்பாலான பதில்களின் சாரம். கேள்விகளை வந்த வரிசையில் வைக்காமல், ஒன்றிலிருந்து ஒன்று புரியும்படி அடுக்கியிருக்கிறேன்.

குவிமாடம் என்று எதைச் சொல்லலாம்?

ஒரு வளைவை அதன் நடு அச்சில் சுழற்றினால் கிடைக்கும் வடிவமே குவிமாடம். அரைவட்டத்தைச் சுழற்றினால் அரைக்கோளம். வட்டத்தின் ஒரு சிறு வில்லை மட்டும் சுழற்றினால் தாழ்ந்த மூடிபோன்ற மாடம். கூர்மையான வளைவைச் சுழற்றினால் மொட்டு வடிவம். எட்டுப் பட்டை கொண்ட மாடங்களும் உண்டு; அவை கண்டிப்பான பொருளில் சுழற்சி வடிவங்கள் அல்ல என்றாலும் அதே குடும்பம்தான்.

வளைவுக்கும் மாடத்துக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. வளைவில் உச்சிக்கல் செருகப்படும் வரை சாரத்தைப் பிரிக்க முடியாது. மாடத்திலோ ஒவ்வொரு கிடைவட்ட வரிசையும் மூடியவுடன் தானே நின்றுவிடும். வட்டத்தில் உள்ள செங்கற்கள் உள்நோக்கிச் சரிய முயலும்போது ஒன்றையொன்று நெருக்கிப் பூட்டிக்கொள்கின்றன. அதனால்தான் உச்சியைத் திறந்தே விடவும் முடிகிறது. ரோமாபுரியின் பாந்தியன் கோயில் மாடத்தின் உச்சியில் 8 மீட்டருக்கும் அதிகமான விட்டத்தில் ஒரு வட்டத் திறப்பு இருக்கிறது. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக மழையும் வெயிலும் அதன் வழியே உள்ளே இறங்குகின்றன, மாடம் நிற்கிறது.

கோயில் விமானத்தின் சிகரமும் குவிமாடம்தானே?

வெளித்தோற்றத்தில் ஆம், கட்டும் முறையில் இல்லை. சிற்ப நூல்கள் சிகரங்களை நாகரம், திராவிடம், வேசரம் என்று பிரிக்கின்றன: சதுரம், எண்பட்டை, வட்டம். வட்டச் சிகரத்தைப் பார்க்க நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த விஜயாலய சோழீச்சரம் இருக்கிறது. சதுரச் சுவருக்குள் வட்டமான கருவறை. அதன் மேல் உருண்ட சிகரம். ஒருமுறையாவது போய்ச் சுற்றிவந்து பாருங்கள். கல்லால் வட்டத்தை எவ்வளவு நிதானமாகக் கையாண்டிருக்கிறார்கள் என்பது படத்தில் தெரியாது.

1010இல் நிறைவடைந்த தஞ்சைப் பெரிய கோயில் விமானம் உள்ளே வெற்றிடம். ஒவ்வொரு கல் வரிசையையும் கீழ் வரிசையைவிடச் சற்று உள்ளே நீட்டி, படிப்படியாக நெருக்கி மூடியிருக்கிறார்கள். இந்த முறையில் கற்கள் கிடையாகவே படுத்திருக்கும். பாரம் நேராகக் கீழே இறங்கும். பக்கவாட்டில் தள்ளும் விசை மிகக் குறைவு. ஆனால் எடை மிக அதிகம், உள்ளே கிடைக்கும் அகலம் குறைவு. உண்மையான குவிமாடத்தில் செங்கற்கள் மையத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். குறைந்த பொருளில் பெரிய அகலத்தை மூடும். அதற்கு விலையாகச் சுவரை வெளியே தள்ளும். நம் முன்னோர் தள்ளாத கட்டடத்தை விரும்பினார்கள். அவர்களுக்கு வளைவு தெரியவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; எடையை நேராக இறக்குவது என்பது தெரிந்தே எடுத்த முடிவாகவே எனக்குத் தோன்றுகிறது.

செட்டிநாட்டு வீடுகளில் குவிமாடம் மரபா?

மரபு என்று சொல்ல மாட்டேன். நம் வீடுகளின் எலும்பு தூணும் உத்தரமும்தான்: பர்மா தேக்கு, கல் தூண், சுண்ணாம்புக் காரைச் சுவர், அடுக்கடுக்காகப் படிந்த நாட்டு ஓடு. திண்ணை, முகப்பு, வளவு எனும் நடு முற்றம், இரண்டாம் கட்டு என்று நீளும் அந்த அமைப்பில் குவிமாடத்துக்கு வேலையே இல்லை. பெரிய வீடுகள் எழுந்த காலம் ஏறத்தாழ 1850 முதல் 1940 வரை. அந்த ஆண்டுகளில்தான் சென்னையில் இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகள் கலந்த இந்தோ-சாரசனிக் கட்டடங்கள் எழுந்தன. குவிமாடங்கள் நிறைந்த உயர் நீதிமன்றக் கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது. கடல் கடந்து வணிகம் செய்தவர்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் கண்டதும், சென்னையில் கண்டதும் சேர்ந்து, மாடி முகப்பின் மேல் சிறு மாடங்களாக வந்து உட்கார்ந்தன. அவை பெரும்பாலும் சிறியவை, அலங்காரத்துக்காக வைத்தவை. ஆனால் அலங்காரமாக இருந்தாலும் செங்கல்லும் காரையும் கொண்டு கட்டிய அசல் மாடங்கள் அவற்றில் உண்டு. அவற்றை வெறும் பொம்மை என்று நினைத்துத் தட்டிவிடுவதுதான் என்னை வருத்துகிறது.

நடுவில் தூண் இல்லை, கம்பி இல்லை. எப்படி நிற்கிறது?

இதை முதலில் சொன்னவர் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக். 1675இல் அவர் எழுத்துப் புதிராக வெளியிட்ட கருத்து இது: தொங்கும் சங்கிலி எந்த வடிவில் தொங்குகிறதோ, அதே வடிவத்தைத் தலைகீழாக்கினால் அது கல் வளைவாக நிற்கும். தொங்கும் சங்கிலியில் இழுவிசை மட்டுமே உண்டு. தலைகீழாக்கினால் அது முழுவதும் அமுக்குவிசையாக மாறுகிறது. செங்கல்லும் காரையும் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே விசை செல்லும் பாதை சுவரின் தடிமனுக்குள்ளேயே இருக்கும்படி வடிவத்தை வைத்துவிட்டால் கம்பி தேவையில்லை.

குவிமாடத்தில் இரண்டு திசைகளில் விசை ஓடுகிறது. ஒன்று, உச்சியிலிருந்து அடிக்கு, பூமி உருண்டையின் தீர்க்கரேகை போல. மற்றொன்று, கிடைவட்டங்களில், அட்சரேகை போல. மேலிருந்து கீழே ஓடும் விசை எப்போதும் அமுக்கமே. கிடைவட்ட விசைதான் சுவையானது. மேல்பகுதியில் வட்டங்கள் சுருங்கப் பார்க்கின்றன, அங்கே அமுக்கம். கீழ்ப்பகுதியில் அதே வட்டங்கள் விரியப் பார்க்கின்றன, அங்கே இழுவை. ஒரே தடிமனுள்ள அரைக்கோளம் தன் எடையை மட்டும் தாங்கும்போது, இந்த மாற்றம் உச்சியிலிருந்து 51.8 டிகிரியில் நிகழ்கிறது. அந்தக் கோணத்தின் கொசைன் 0.618. பொன் விகிதத்தில் வரும் அதே எண். மாணவர்கள் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்: கொசைனின் வர்க்கத்தோடு கொசைனைக் கூட்டினால் 1 வர வேண்டும் என்ற சமன்பாடுதான் அது.

இப்போது அடி வட்டத்துக்கு வருவோம். விரியத் துடிக்கும் அந்தக் கீழ்ப்பகுதியைப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் மரத்துண்டுகளை இரும்புப் பட்டை இறுக்கிப் பிடிப்பதைப்போல, மாடத்தின் அடியை ஒரு வளையம் பிடிக்க வேண்டும். அல்லது சுவரைக் கனமாக்கி, அந்த எடையாலேயே தள்ளலை அடக்க வேண்டும். ரோமர்கள் இரண்டாவது வழியை எடுத்தார்கள். பாந்தியன் மாடத்தின் தடிமன் அடியில் ஏறத்தாழ 6 மீட்டர், உச்சித் திறப்பின் அருகே ஏறத்தாழ 1.2 மீட்டர். காரையில் கலந்த கல்லையும் மாற்றினார்கள்: கீழே கனமான கல், மேலே போகப்போக எடை குறைந்த எரிமலைக் கல். 43.3 மீட்டர் விட்டம், தரையிலிருந்து திறப்பு வரை அதே 43.3 மீட்டர் உயரம்; உள்ளே ஒரு முழுக் கோளத்தை வைக்கலாம். கம்பி போடாத கான்கிரீட் மாடங்களில் இன்றும் அதுவே மிகப் பெரியது.

எங்கள் வீட்டு மாடத்தில் கீழிருந்து மேலாக விரிசல்கள் ஓடுகின்றன. விழுந்துவிடுமா?

விரிசலின் திசையைப் பாருங்கள். அடியில் அகலமாகத் தொடங்கி, மேலே போகப்போக மெலிந்து, பாதி உயரத்துக்குச் சற்று மேலே மறைந்துவிடும் செங்குத்து விரிசல்கள் குவிமாடத்துக்கு இயல்பானவை. மேலே சொன்ன இழுவைப் பகுதி பிளந்திருக்கிறது, அவ்வளவுதான். பாந்தியனிலும் இதே விரிசல்கள் உண்டு. பிளந்த பிறகு மாடம் தர்பூசணிக் கீற்றுகள் போன்ற பல வளைவுகளாகப் பிரிந்து, எதிரெதிர் கீற்றுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.

இதற்குப் புகழ்பெற்ற வரலாறு ஒன்று உண்டு. வாடிகனின் புனித பேதுரு பேராலய மாடம் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் விரிசல் கண்டது. 1742இல் மூன்று கணித அறிஞர்கள் ஆராய்ந்து எச்சரிக்கை அறிக்கை கொடுத்தார்கள். பிறகு ஜொவான்னி போலேனி என்ற அறிஞர், மாடத்தின் ஒரு கீற்றைப் பல துண்டுகளாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு துண்டின் எடைக்கு ஏற்ப உருண்டைகளை ஒரு நூலில் கோத்துத் தொங்கவிட்டார். அந்த நூலின் வடிவத்தைத் தலைகீழாக்கி மாடத்தின் குறுக்குவெட்டுப் படத்தின் மேல் வைத்தபோது, அது சுவரின் தடிமனுக்குள்ளேயே அடங்கியது. மாடம் விழாது, விரிசல் பெருகாமல் இருக்க இரும்பு வளையங்கள் போட்டால் போதும் என்றார். வளையங்கள் போடப்பட்டன. மாடம் இன்றும் நிற்கிறது. ஹூக் சொன்ன ஒரு வரியை ஒரு கட்டடத்தைக் காப்பாற்றப் பயன்படுத்திய அந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கவலைப்பட வேண்டிய விரிசல்கள் வேறு: கிடைவட்டமாக ஓடுபவை, மாடத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வருபவை, சுவருக்குள் இறங்கி அடித்தளம் வரை போகிறவை. இவற்றைக் கண்டால் அனுபவமுள்ள கட்டடப் பொறியாளரை உடனே அழைத்துக் காட்டுங்கள்.

அறை சதுரம், மாடம் வட்டம். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

குவிமாடக் கலையின் மையக் கேள்வி இதுதான். உலகத்தின் பெரிய மாடங்களெல்லாம் இந்த நான்கு மூலைகளை எப்படிக் கையாண்டன என்பதில்தான் வேறுபடுகின்றன.

எளிய வழி, சதுரத்தை எண்கோணமாக்குவது. மூலைகளில் குறுக்கே ஒரு கல்லையோ சிறு வளைவையோ போட்டால் நான்கு பக்கம் எட்டாகும். மீண்டும் செய்தால் பதினாறாகும், வட்டம் நெருங்கிவிடும். பழங்காலப் பாரசீகத்தில் மூலை வளைவு முறை வளர்ந்தது. எண்கோணப் புள்ளிகளைக் கயிற்றாலேயே குறிக்கலாம். 12 அடிச் சதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலைவிட்டம் ஏறத்தாழ 17 அடி. அதில் பாதி 8.49 அடி. ஒவ்வொரு மூலையிலும் கயிற்றின் முனையை வைத்து, இந்த நீளத்தில் இரு பக்கச் சுவர்களிலும் குறி போடுங்கள். எட்டுக் குறிகளைச் சேர்த்தால் சரியான எண்கோணம். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 4.97 அடி. கால்குலேட்டர் தேவையில்லை, மூலைமட்டம்கூடத் தேவையில்லை.

இரண்டாவது வழி இன்னும் அழகானது. சதுரத்தின் நான்கு மூலைகளையும் தொடும் ஒரு பெரிய அரைக்கோளத்தைக் கற்பனை செய்யுங்கள். நம் 12 அடி அறைக்கு அதன் ஆரம் 8.49 அடி. அறைக்கு வெளியே நீட்டும் பகுதிகளை நான்கு சுவர்களின் நேரில் வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு சுவரிலும் 6 அடி ஆரமுள்ள அரைவட்ட வளைவு கிடைக்கும். அந்த வளைவுகளின் உச்சி உயரத்தில், அதாவது 6 அடியில், மேல்பகுதியையும் கிடையாக வெட்டுங்கள். மிச்சமிருப்பவை நான்கு மூலைகளில் நிற்கும் வளைந்த முக்கோணங்கள். மேலே கிடைக்கும் வட்டத்தின் ஆரம் சரியாக 6 அடி! அதன் மேல் 6 அடி ஆர அரைக்கோளத்தை ஏற்றினால் மொத்தம் 12 அடி உயரம். மேல்பகுதியை வெட்டாமல் அதே பெரிய கோளமாகவே விட்டால் மொத்த உயரம் 8.49 அடியில் முடிந்துவிடும். சிறு அறைகளுக்கு இந்தத் தாழ்ந்த வடிவமே போதும் என்பது என் கருத்து.

537இல் திறக்கப்பட்ட கான்ஸ்டான்டினோபிள் ஹாகியா சோபியா இந்த முக்கோண முறையை மாபெரும் அளவில் கையாண்டது. பீஜப்பூரில் 1656ஐ ஒட்டி எழுந்த கோல் கும்பஸில், எட்டு வளைவுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி மூலைகளை மூடுகின்றன. உள்விட்டம் ஏறத்தாழ 38 மீட்டர். அந்த மூலைகள் உள்நோக்கிச் சாயும் எடை, மாடத்தின் வெளித் தள்ளலை எதிர்த்து நிற்கிறது. தள்ளும் விசையைத் தள்ளும் விசையாலேயே அடக்கியிருக்கிறார்கள்.

நமக்கு அருகில் பார்க்க வேண்டிய இடம் மதுரை. 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலின் சொர்க்கவிலாசத்தில், உயர்ந்த மாடம் உத்தரமோ சட்டமோ இல்லாமல் செங்கல்லும் காரையுமாக வளைவுகளின் மேல் நிற்கிறது. காரைக்குடியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு மாலையில் திரும்பலாம். தூணைப் படம் எடுத்த பிறகு, தலையை உயர்த்திச் சதுரம் எங்கே எண்கோணமாகிறது, எண்கோணம் எங்கே வட்டமாகிறது என்று தேடுங்கள்.

மாடத்தை எவ்வளவு உயரமாக வைக்கலாம்?

தாழ்ந்த மாடம் அதிகம் தள்ளும், உயர்ந்த மாடம் குறைவாகத் தள்ளும். ஹாகியா சோபியாவின் முதல் மாடம் மிகத் தட்டையாக இருந்தது. நில நடுக்கங்களுக்குப் பிறகு 558இல் இடிந்தது. மறுபடி கட்டிய இளைய இசிடோர் அதை ஏறத்தாழ 6 மீட்டர் உயர்த்தினார்.

நம் அளவில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 10 அடி விட்டமுள்ள வட்ட அறை. மாடத்தின் உயரம் இரண்டரை அடி. கோளத்தின் ஆரம் காண: பாதி விட்டத்தின் வர்க்கம் 25, உயரத்தின் வர்க்கம் 6.25, கூட்டினால் 31.25, அதை உயரத்தின் இரு மடங்கான 5ஆல் வகுத்தால் 6.25 அடி. கொத்தனாரின் கயிற்று நீளம் இதுதான்.

இந்த அளவை வேண்டுமென்றே எடுத்தேன். உயரம், விட்டத்தில் கால் பங்கு. இந்த விகிதத்தில் மாடத்தின் விளிம்பு உச்சியிலிருந்து 53 டிகிரியில் முடிகிறது. முன்பு சொன்ன 51.8 டிகிரியை ஒட்டிய இடம். அதாவது ஏறக்குறைய முழு மாடமும் அமுக்கத்திலேயே இருக்கும். இழுவை அனைத்தும் அடி வளையத்தில் மட்டும் சேரும். பிடிக்க வேண்டியது ஒரே ஓர் இடம்.

எவ்வளவு இழுவை? நாலரை அங்குலத் தடிமனில் செங்கல் மாடம் என்றால் மொத்த எடை ஏறத்தாழ 2 டன். அடி வளையத்தில் வரும் இழுவை 240 கிலோகிராம் அளவுதான். ஒரு 8 எம்.எம். கம்பி ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். பூச்சு, மேலே ஏறி வேலை செய்பவர்களின் எடை, பாதுகாப்பு வரம்பு எல்லாம் சேர்த்தாலும் சிறிய வளைய பீம் போதும். இந்தக் கணக்கைக் கண்டதும் பலர் நம்ப மறுக்கிறார்கள். மாடம் முழுவதும் கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றினால்தான் நிற்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சரியான வடிவமும் ஒரு வளையமும் இருந்தால் மீதியைச் செங்கல் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த வளையம் வட்டமாக மூடியிருக்க வேண்டும். ஜன்னலுக்காக ஓரிடத்தில் அறுத்துவிட்டால் அது வளையமே இல்லை.

சாரம் இல்லாமல் கட்ட முடியுமா?

முடியும். ஒவ்வொரு வட்டமும் மூடியதும் தானே நிற்கும் என்பதால், பிரச்சினை வட்டம் மூடும் வரை செங்கல் வழுக்காமல் இருப்பது மட்டுமே. மையத்தில் ஒரு முளை அடித்து, கோள ஆரத்தின் நீளத்துக்கு ஒரு கழியையோ கயிற்றையோ கட்டி, ஒவ்வொரு செங்கல்லையும் அதன் முனையில் தொடவைத்துப் பதிக்கலாம். கழியின் சாய்வே செங்கல்லின் சாய்வு. ஒட்டும் தன்மையுள்ள காரை வேண்டும். மேலே போகப்போக வட்டம் சிறியதாகும், சாய்வு கூடும், வேலை மெதுவாகும்.

இத்தாலியின் புளோரன்ஸ் பேராலயத்தில் கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி 1420 முதல் 1436 வரை கட்டிய எண்பட்டை மாடம் தரையிலிருந்து சாரம் எழுப்பாமல் கட்டியது. ஏறத்தாழ 45 மீட்டர் அகலத்துக்கு மரச்சாரம் போடுவது நடைமுறையில் இயலாத காரியம். அவர் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மாடங்களாகக் கட்டினார். கிடை வரிசைகளுக்கு இடையே செங்கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி மீன்முள் போன்ற கோலத்தில் பூட்டினார். அந்தப் பூட்டு, ஈரக் காரையில் செங்கல் வழுக்காமல் பிடித்தது.

எகிப்தின் நூபியப் பகுதியில் மண் செங்கல்லைக் கொண்டு சாரமின்றிக் கட்டும் மரபு இன்றும் உண்டு. ஆரோவில் மண் கட்டட நிறுவனம் அந்த முறையைத் தமிழ்நாட்டில் பயிற்றுவிக்கிறது. கோவை அருகே வெள்ளியங்கிரி அடிவாரத்தில் உள்ள தியானலிங்க மாடம் ஏறத்தாழ 22 மீட்டர் விட்டத்தில், கம்பியில்லாமல் செங்கல்லால் கட்டியது. நம் கொத்தனார்களுக்கு இது வராது என்று நினைக்க வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சைக் கண்ணாடிபோல் இழைக்கத் தெரிந்த கைகளுக்கு இதைக் கற்க நெடுங்காலம் பிடிக்காது.

எத்தனை செங்கல் வேண்டும்? உள்ளே ஆத்தங்குடி கல் பதிக்கலாமா?

பரப்பு எளிது: இரு மடங்கு பை (3.14), பெருக்கல் கோள ஆரம், பெருக்கல் மாடத்தின் உயரம். முன்பு கணக்கிட்ட நம் 10 அடி மாடத்துக்கு 98 சதுர அடி. நாட்டுச் செங்கல்லின் 9 அங்குலத்துக்கு 3 அங்குல முகம் வெளியே தெரிந்தால் 525 செங்கல்; உடைசலுக்குக் கூடுதல் வைத்துக்கொள்ளுங்கள். அதே அறைக்கு அரைக்கோளம் என்றால் பரப்பு 157 சதுர அடி, தரையின் பரப்பைப்போல் சரியாக இரு மடங்கு. ஆர்க்கிமிடீஸ் கண்ட இந்தச் சூத்திரத்தில் உயரம் மட்டுமே வருவதால், கூலி பேசும்போதும் உதவும்: 5 அடி ஆர அரைக்கோளத்தில் அடியிலுள்ள ஓரடி உயரப் பட்டையும் உச்சியிலுள்ள ஓரடி உயரப் பகுதியும் ஒரே பரப்பு, 31.4 சதுர அடி.

ஆத்தங்குடி கல் வேண்டாம். கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்படும் அது கண்ணாடி அளவுக்குத் தட்டையானது. கோளம் எந்த இடத்திலும் தட்டையாவதில்லை. கோளப் பரப்பைச் சுருக்காமல் நீட்டாமல் சமதளமாக்க முடியாது என்பதை 1827இல் ஜெர்மன் கணித அறிஞர் காஸ் நிறுவினார். 10 அங்குலக் கல்லை நம் மாடத்தின் உட்பரப்பில் வைத்தால் நான்கு மூலைகளும் தொடும். நடுவில் 8 மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். தரையில் ஆத்தங்குடி, மேலே சுண்ணாம்புப் பூச்சு. அதுவே பொருத்தம்.

மாடத்துக்குக் கீழே எதிரொலிக்குமா?

இதைக் கட்டும் முன் கேட்பவர்கள் மிகக் குறைவு. கட்டிய பின் எல்லோரும் கேட்கிறார்கள். கோளப் பரப்பு ஒலியைத் திருப்பி மையத்தின் அருகே குவிக்கும். கோல் கும்பஸில் மாடத்தின் உள்ளே சுற்றிவரும் நடைபாதையில் ஒருவர் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் நிற்பவருக்குக் கேட்கும். வீட்டில் அது வேடிக்கையாக இருக்காது. 10 அடிச் சுவரின் மேல் நாம் கணக்கிட்ட மாடத்தை வைத்தால், உச்சி 12.5 அடியில், கோள மையம் அங்கிருந்து 6.25 அடி கீழே. நிற்பவரின் காதுக்கு மிக அருகே! பேச்சு குழம்பும். சுவரை இன்னும் இரண்டு மூன்று அடி உயர்த்தினால் மையம் தலைக்கு மேலே போய்விடும். உட்கார்ந்து தியானம் செய்யும் அறைக்குச் சிக்கல் குறைவு. உச்சித் திறப்பும் சொரசொரப்பான பூச்சும் தரையில் பாயும்கூட உதவும்.

குவிமாடம் வீட்டைக் குளிர்ச்சியாக வைக்குமா?

வடிவம் தனியாக வைக்காது. நடுப்பகலில் சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது அரைக்கோளம் வாங்கும் வெயிலும் அதே அளவுத் தட்டைக் கூரை வாங்கும் வெயிலும் சமம். காலையிலும் மாலையிலும் தட்டைக் கூரையைத் தடவிக்கொண்டு போகும் வெயிலை அரைக்கோளம் நேராக மார்பில் வாங்குகிறது. குளிர்ச்சி தருவது உச்சியில் வைக்கும் காற்றுத் திறப்பு. சூடான காற்று மேலே சேர்ந்து வெளியேறும். கீழே வளவிலிருந்து காற்று உள்ளே வரும். திறப்பில்லாத கான்கிரீட் மாடம் மே மாதத்தில் அடுப்பாகிவிடும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது அவசியம்.

மழையைப் பொறுத்தவரை மாடத்தின் மேல் தண்ணீர் நிற்காது. மாடமும் தட்டைக் கூரையும் சந்திக்கும் மூலையில்தான் நிற்கும். ஒழுகலும் அங்கேதான் தொடங்கும்.

சுண்ணாம்பா, சிமென்டா?

பழைய மாடத்துக்குச் சுண்ணாம்பு மட்டுமே. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லக் கல்லாகிறது. ஈரத்தை வெளியே விடுகிறது. சிறு அசைவுகளுக்கு வளைந்து கொடுக்கிறது. அதன் மேல் சிமென்ட் பூசினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிக் காரையையும் செங்கல்லையும் அரிக்கும். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்த்த காரை, அதன் மேல் முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த பூச்சு என்ற நம் முறைக்கு நிகராக எதையும் நான் பார்த்ததில்லை. புதிய மாடத்துக்கும் சுண்ணாம்பே என் தேர்வு. அடி வளையத்துக்கு மட்டும் சிமென்ட் கான்கிரீட். சுண்ணாம்புக்குள் கம்பியை வைத்தால் காலப்போக்கில் துருப்பிடித்து வீங்கும்.

முக்கோணக் கம்பிகளால் ஆன கூண்டு மாடம் தோட்டத்தில் போடலாமா?

போடலாம். முதலில் 1920களில் ஜெர்மனியின் ஜெனா நகரக் கோளரங்கத்துக்காக வால்தர் பாவர்ஸ்ஃபெல்ட் இதை வடிவமைத்தார். 1954இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுப் பரப்பியவர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். இருபது முக்கோணங்கள் கொண்ட திண்மத்தை மேலும் பிரித்துக் கோளமாக ஊதுவதே அடிப்படை. எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தாலும் முழுக் கோளத்தில் ஐந்து முக்கோணங்கள் சந்திக்கும் புள்ளிகள் பன்னிரண்டு இருந்தே தீரும். மற்றவற்றில் ஆறு சந்திக்கும். எடை மிகக் குறைவு. செடிகளுக்கு நிழல்வலை போட மிகப் பொருத்தம். குடியிருக்க வேண்டாம் என்பேன்: இணைப்புகள் அதிகம், ஐப்பசி மழையில் ஒவ்வொன்றும் ஒழுகப் பார்க்கும்.

முகப்பின் மேல் உள்ள பழைய மாடத்தை இடித்துவிடச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

இடிக்கும் முன் மேலே ஏறி அடி வட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஓர் அரசங்கன்று முளைத்திருக்கும். மழைநீர்ப் போக்கி அடைத்திருக்கும். முதல் வேலை இவை இரண்டும். கன்றைப் பிடுங்காதீர்கள், வேரோடு செங்கல் வரும். அறுத்துவிட்டு வேரைப் பட்டுப்போகச் செய்து, பிறகு எடுக்க வேண்டும்.

அடுத்து, விரிசல்களின் குறுக்கே சுண்ணாம்புப் பூச்சில் சிறு பட்டைகள் வைத்துத் தேதி எழுதுங்கள். சில மாதங்கள் கழித்தும் பட்டைகள் உடையாமல் இருந்தால் அசைவு நின்றுவிட்டது. காரையை நீர்த்துச் செலுத்தி மூடினால் போதும். உடைந்தால் மாடத்தின் அடியைச் சுற்றி வெளிப்புறமாகத் துருப்பிடிக்காத எஃகுப் பட்டை ஒன்றைப் போட்டு இறுக்கலாம். பூச்சுக்குள் மறைந்துவிடும், பேதுரு பேராலயத்துக்குச் செய்த அதே வைத்தியம். மாடம் சுவரோடு சேர்ந்து சாய்ந்திருந்தாலோ, செங்கற்கள் மாவாக உதிர்ந்தாலோ மட்டும் பிரித்துக் கட்டும் பேச்சை எடுங்கள். அப்போதும் ஒவ்வொரு வரிசையையும் அளந்து, படமெடுத்து, எண்ணிட்டுப் பிரியுங்கள்.

சுண்ணாம்பு வேலை காய்ந்து இறுக வாரக்கணக்கில் ஆகும்; நேர் வெயிலில் ஈரச் சாக்கு போட்டு மூட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்துவிடும். ஆகவே மாசியில் ஆளைப் பேசி, ஆவணிக்குள் கடைசிப் பூச்சை முடித்துவிடுங்கள்.